இருபத்தைந்து மில்லி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம், முழங்காலும் நீ அனுப்பிய களிம்புக்குப் பயந்து கொஞ்சம் அடங்கியிருக்கிறது. போனிலேயே சொல்லலாமே என்பாய், சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், அம்மா போனைப் பிடுங்கி மீதிக் கதையைத் தானே சொல்லிவிடுவாள், அதனால்தான் காகிதம்.

என்னுடைய உயர்நிலை கெமிஸ்ட்ரி சிறப்பு வகுப்பு உனக்குத் தெரியும், "அப்பாவுக்கு வேற வேலை இல்லை" என்று நீ வாழ்த்தித் தொடங்கி வைத்ததுதான். முதல் வருடம் நாலு பிள்ளைகள், அளவுக்கோடு போட்ட ஒரே ப்யூரெட் குழாய், உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்த ஸ்டோர் ரூம். அடுத்த வருடம் ஏழு பேர். இந்த வருடம் பெரிய ஆய்வகமே கிடைத்தது, ஆனால் பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிட்டு அறையைக் கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். காலில் விழாத குறையாகப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தேன். கல்யாண போட்டோவில்கூட நான் இவ்வளவு பல்லைக் காட்டவில்லையாம், அம்மா சொல்கிறாள்.

போன வாரம் முதல் சோதனை. காஸ்டிக் சோடா கரைசல் இருபது மில்லி எடுத்து, அதன் இளஞ்சிவப்பு மறையும்வரை ப்யூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மில்லி செலவானது என்று எழுத வேண்டும், இருபது வரும். பதினோரு பேர் இருபது என்று எழுதினார்கள், நானும் பூரித்துப்போய்ப் பத்துக்குப் பத்து போட்டேன். ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண், வாயே திறக்க மாட்டாள் என்பதால் பிள்ளைகள் அவளை வாயாடி என்று கூப்பிடுவார்கள், அவள் மட்டும் இருபத்தைந்து. ஐந்து தடவை செய்தாளாம், ஐந்து தடவையும் அதேதான். மறுநாள் விலகல் கடிதத்தோடு வந்து தனக்குக் கெமிஸ்ட்ரி வராது என்றாள். என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பெண் இல்லை கண்ணு, பதினொன்று என்ற எண்தான். இருபதுன்னு மாத்தி எழுதிட்டுப் போம்மா, பழகப் பழக வந்துடும் என்றேன். "வராததை எப்படி சார் எழுதறது?" என்று கேட்டுவிட்டு, கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை என்று அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தேன். அவள் தையல் மெஷினிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "அஞ்சு தடவையும் ஒரே மாதிரி வந்தா அவ கை சரியாத்தான் இருக்கு. சட்டை பத்தலைன்னா நான் போட்டவங்களையா திட்டறேன், முதல்ல என் டேப்பைத்தான் பாப்பேன்" என்றாள். முப்பது வருட அனுபவஸ்தனுக்குச் சுருக்கென்றது. மறுநாள் மணி அடிக்கும் முன்பே போய் அதே பாட்டிலிலிருந்து நானே செய்து பார்த்தேன், இருபத்தைந்து. இன்னொரு தடவை, மறுபடியும் இருபத்தைந்து. தயாரிப்பு நோட்டைப் புரட்டினால், நாலு கிராம் போட வேண்டிய காஸ்டிக் சோடாவை ஐந்து கிராம் என்று என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன், தலைமையாசிரியை பக்கத்தில் நின்று பன்னிரண்டு பேர் சேர்ந்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது தராசில் எடை போட்டது. அப்படியானால் அந்தப் பதினோரு இருபதும் எங்கிருந்து வந்தது என்கிறாயா, போன வருடத்துப் பிள்ளைகளின் நோட்டிலிருந்துதான். பதினோரு பேர் கை ஒரு சொட்டுப் பிசகாமல் ஒத்துப்போவது உலகத்தில் நடக்காத காரியம், அது தெரிய வேண்டியவன் நான். ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

நேரே தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். பதினொன்று, அதுவும் சாயங்காலத்துக்குள் குறையலாம் என்றேன், வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன் என்றார். பிறகு அந்தப் பெண்ணையும் வகுப்புக்கு வரச்சொல்லி, போட்ட பத்துக்குப் பத்துகளை எல்லாம் அடித்துவிட்டு, "தப்பு என்னுது, இந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி" என்றேன். இருபதென்று எழுதச் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். மற்றவர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தலைகளை எண்ணிக்கொண்டு நின்றேன், சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பவன் கெட்டான் போ. பதினோரு பேர் வந்தார்கள். கடைசியாக வாயாடி வந்தாள், நேராகத் தராசுக்குப் போனாள். "இன்னைக்கு நான் நிறுக்கறேன் சார், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றாள். திரும்பிக்கொண்டேன். எவ்வளவு போட்டாள் என்று எனக்கும் தெரியாது, எந்த நோட்டுக்கும் தெரியாது. எல்லாரும் செய்து முடித்து எழுதினார்கள், பதினேழே முக்கால், பதினெட்டு, பதினெட்டரை, ஒரு மகாராசன் மட்டும் முப்பத்தொன்று, ஒன்றோடொன்று ஒட்டாத பன்னிரண்டு விடைகள். எட்டிப் பார்த்த தலைமையாசிரியை, ஏன் சார் ஆளுக்கு ஒரு விடை என்றார். "இன்னைக்குத்தான் மேடம் வகுப்பு ஆரம்பிச்சிருக்கு" என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாலு மாதமாக எப்போது கேட்டாலும் சூப்பரா இருக்கேன்ப்பா என்கிறாய், ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கே உனக்கு எப்படி வருகிறதோ அப்படியே எழுது கண்ணு, முப்பத்தொன்றாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அப்பா