நீங்கள் பார்த்துச் சொன்ன நிறம்

போன வாரம் கடலை கடித்தபோது முன்பல்லின் பீங்கான் உறை இரண்டாக விண்டு கையில் வந்துவிட்டது. பதினாறு வருஷம் உழைத்திருக்கிறது. நீங்கள் கண்மூடியே இரண்டு வருஷம் ஆகிறது. மறுபடியும் அன்னவாசலில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் அதே பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளக்க வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது.

நேற்றுத்தான் போனேன். அந்தக் கிராம்புத் தைல வாசனை மாறவே இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நம் இருவரையும் உட்காரவைத்து, பல் எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்டார். "கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேங்க," என்றேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சொல்லாமல் அக்காவோடு குடுமியான்மலைக்குப் போய்வந்தேன் என்று நீங்கள் விட்டெறிந்த செம்பு, அப்போதும் வீட்டில் விளிம்பு நசுங்கிக் கிடந்தது.

மெட்ராஸில் செய்து வாங்க வேண்டும், நிறம் சொல்லுங்கள் என்று டாக்டர் பீங்கான் மாதிரிகளை உங்கள் கையில் கொடுத்தார். "வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. நீங்க தினம் பாக்குற முகம்தானே?" என்றார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் என் வாயை நீங்கள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகப் பல்லோரம் வைத்தீர்கள். கடைசியில் லேசாய் மஞ்சள் ஓடிய ஒன்றை எடுத்து, "இதுதாங்க," என்றீர்கள். அச்சாகப் பொருந்தியது. பார்த்தவர் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் நீங்கள் என்மேல் கை ஓங்கியதில்லை. தப்புதான் என்று சொல்லவும் இல்லை. நான் அதற்குத்தான் காத்திருந்தேன். கடைசி மாதம் படுக்கையில் கஞ்சி புகட்டும்போது என் வாயையே பார்த்துவிட்டு, "பல்லு ஆடாம இருக்குல்ல?" என்றீர்கள். "இருக்குங்க," என்றேன். அதற்குமேல் நீங்கள் போகவில்லை.

நேற்று டாக்டர், "கிணத்தடியில விழுந்தீங்களே, அந்தப் பல்லுதானம்மா?" என்றார். "இல்லைங்க. அவுக எறிஞ்ச செம்பு பட்டது," என்று வாயில் வந்துவிட்டது. அவர் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். என் பற்கள் இப்போது மங்கிவிட்டன. நீங்கள் சொன்ன நிறம் ஒத்துவரவில்லை. வேறு நிறத்தை நானே பார்த்துச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். ஆளில்லாத நேரம் பார்த்துக் கோள் சொன்னவளைப்போல பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

கிளம்பும்போது, பழைய துண்டுகளை எறிந்துவிடலாமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாமென்று முந்தானையில் முடிந்துகொண்டேன். தப்புதான் என்ற அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லியிருந்தால், அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பேன்.