நூலக ஜன்னலுக்கு வெளியே இருந்த மைதானம்

நைரோபி
ஞாயிறு, கோயில் முடிந்து வந்து

அன்பு மகள் மினாயோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடி ஒருவரையொருவர் குறை சொல்லும் அளவுக்குச் சுகமாகவே இருக்கிறோம். அந்தக் கிளாஸ்கோ குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால் மீதிச் சுகமும் வந்துவிடும். முதலில் என் மானம் போன கதையைச் சொல்கிறேன், சிரித்துவிடு, பிறகு சிரிக்க அதிகம் இல்லை. புத்தகத் திருவிழாவுக்கு நாற்காலி, பந்தல், மைக்செட் எல்லாம் நம் வாடகைக் கடையிலிருந்துதான் என்று திருவிழாவை நடத்துகிற உன் சிநேகிதி நெக்கெசா முன்பே சொல்லியிருந்தாள் அல்லவா, வியாழக்கிழமை காலையிலேயே உன் தம்பி ஜோத்தாமும் நானும் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் என் கையாலேயே அலங்காரம் செய்தேன், நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை, ஊதா நாடா, நடுவில் நீளமாக ஒரு மேசை, மேசை மேல் வெள்ளைத் துணி, தலைமாட்டில் பூ. நெக்கெசா உள்ளே வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று, "யாருப்பா செத்துட்டாங்க?" என்றாள். முந்தின நாள் ஒரு பாதிரியாரின் இறுதிச் சடங்குக்குப் போன சாமான் மகளே, கைப் பழக்கத்தில் அப்படியே விரித்துவிட்டது. கம்பாலாவிலிருந்து வந்த ஒரு கவிஞர் அந்த மேசைக்குப் பின்னால் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாடாவை அவிழ்த்து மேசையைக் குறுக்காகப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார், அப்போதும் பூவைத் தள்ளி வைத்துவிட்டார்.

இங்கே மழை விடாமல் பெய்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, நீ அனுப்பிய தைலம் வாசனை நன்றாக இருக்கிறது என்று கழுத்திலும் பூசிக்கொள்கிறாள். ஜோத்தாமுக்கு அந்தப் பெண்ணைப் பேசி முடிக்கலாமா என்று மாமா கேட்டனுப்பினார், இவன் வாயைத் திறந்தால்தானே, வண்டி கழுவுகிறேன் என்று எழுந்து போய்விடுகிறான். திருவிழா மூன்று நாளும் நான் அங்கேயே இருந்தேன். சாமானைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று அம்மாவிடம் சொன்னேன், உண்மையில் எனக்கு அது பிடித்துப்போயிற்று. நூலகம் என்றால் வாயை மூடு என்று பலகை மாட்டிய இடம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், அங்கே போய் இத்தனை சண்டை நடக்கும் என்று யார் கண்டது. எந்த மொழியில் எழுதுவது என்று ஒரு சண்டை, வரிப்பணம் எங்கே போகிறது என்று ஒரு சண்டை, கிசுமுவிலிருந்து வந்த ஒரு அம்மாள் பேராசிரியர் ஒருவரைப் பார்த்து, "நீங்க சொல்றது எனக்குப் புரியல சார், உங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டுவிட்டார். தேநீரும் சுடச்சுடப் பொரித்த மண்டாசியும் வந்தபோதுதான் எல்லோரும் ஒத்துப்போனார்கள். மண்டாசி நம் லோய்ஸ் அக்கா போட்டது, உன்னைக் கேட்டார்.

இனி போன வாரம் சனிக்கிழமை, கடைசி நாள் விஷயம். அன்று ராத்திரி நீ போனில் எப்படி இருந்தது என்று கேட்டபோது லைன் சரியில்லை என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அம்மாவும் நல்லவள், அப்பாவே எழுதுவார் என்று மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டுக் கையை என் பக்கம் நீட்டிக் காட்டினாள். நெக்கெசாவும் நான் சொல்லும்வரை உன்னிடம் எதுவும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள், அந்த மட்டும் அவள் என் மேல் இரக்கம் வைத்தாள். லோய்ஸ் அக்காவின் மருமகன் செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் வருகிறான், இது அவன் கையில் வரும்.

நீ எழுதி அனுப்பியதை மதியம் படிப்பதாக ஏற்பாடு. முன்னாலேயே படித்துவிடாதே அப்பா, அங்கே உட்கார்ந்து மற்றவர்களோடு கேள், உனக்காகத்தான் சுவாஹிலியில் எழுதினேன் என்று நீ சொன்னதால் நானும் நெக்கெசாவிடம் கேட்கவில்லை. நூலகத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தைப் பற்றி என்று மட்டும் தெரியும். அதில் சுவர் எழுப்பிக் கடை கட்டியது யார் என்று பேட்டையில் எல்லோருக்கும் தெரியும், அந்தச் சுவர் ஜன்னலை ஒட்டி வந்து நிற்பதால் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் படிப்பதும் எல்லோரும் பார்ப்பதுதான். நீ எழுதியதைப் படித்து முடித்ததும், அந்த மைதானத்தை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் நினைவைச் சொல்ல வேண்டும், அதையெல்லாம் பதிவு செய்து மாநகராட்சிக்குக் கொண்டுபோவோம், சுவரை இடிக்காவிட்டாலும் ஜன்னலையாவது திறக்க வைக்கலாம் என்பது நெக்கெசாவின் எண்ணம். நல்ல எண்ணம்தான். கூடம் நிறைந்து படிக்கட்டிலும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, பேட்டையே மாண்புமிகு என்று கும்பிடும் மெஷிமிவா முகோயா வாசலில் வந்து நின்றார். நம் வார்டு உறுப்பினருக்கு யாரும் அழைப்பு வைக்கவில்லை, ஆனால் அழைப்பு வைத்தா அவர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிறார். இங்கே எல்லோருக்கும் ஒரே நாற்காலிதான், முன்வரிசை கடைவரிசை என்று கிடையாது என்று நெக்கெசா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் தெரியும். ஆனால் மகளே, இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் உடம்பு அது. மெஷிமிவாவின் தொப்பியைக் கண்டதும் என் கால் வண்டிக்குப் போயிற்று, மாப்பிள்ளைக்கும் பிஷப்புக்கும் போடுகிற அந்தச் சிவப்பு வெல்வெட் நாற்காலியை என் கை தூக்கிற்று, கொண்டுவந்து மேடைக்கு நேர் எதிரே போட்டுவிட்டு ஒரு துணியால் துடைத்தும் விட்டேன். பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் மைக்கைக் கொடுக்காமல் இருக்க இந்த ஊரில் யாரால் முடியும், பின்னாலிருந்து, "மெஷிமிவா ரெண்டு வார்த்த பேசட்டும்" என்று குரல் வந்துவிட்டது. நெக்கெசா என்னைப் பார்த்தாள். நான் ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்தேன்.

அவர் சிரித்துக்கொண்டேதான் பேசினார். "இது கதைத் திருவிழா. கதை சொல்லுங்க, யாரு வேணாம்னாங்க? ஆனா கதை வேற, பட்டா வேற" என்றார். பின்னால் ஏதோ மைதானம் இருந்ததாமே, யாராவது கண்டீர்களா என்றார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மைக்செட்டுக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் நேரே வந்து தோளில் கை போட்டு, "இதோ நம்ம மினாயோ அப்பா. பேட்டைக்கே பழைய ஆளு. வெளிநாட்டுல இருந்து எழுதுற பொண்ணோட அப்பாவே இவருதான். நீங்களே சொல்லுங்க பெரியவரே, அங்க மைதானம்னு ஒண்ணு இருந்துச்சா?" என்று மைக்கை என் வாயருகே நீட்டினார். கூடமே என்னைப் பார்த்தது. நான், "எங்க மெஷிமிவா, எனக்குக் காலையில சாப்பிட்டதே ஞாபகம் இல்ல, பொண்டாட்டியக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றேன்.

நல்ல சிரிப்பு, மகளே. படிக்கட்டு வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் என்னைவிட உரக்கச் சிரித்துவிட்டு, "பார்த்தீங்களா, எழுதின பொண்ணோட அப்பாவுக்கே ஞாபகம் இல்லயாம்" என்று சொல்லி மைக்கை நெக்கெசாவிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போய் என் வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்பாய். பயமா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன், கொஞ்சம் இருந்தது. அடுத்த வருஷம் தேர்தல், கூட்டம் நடந்தால் நாற்காலி நம்மிடம்தான் எடுப்பார் என்கிற நினைப்பும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் அதைவிடப் பெரியது வேறு. நாலு பேர் முன்னால் நெருக்கடி வந்தால் நான் ஒரு வேடிக்கை சொல்லி நழுவிவிடுவேன், என் அப்பன் அடிக்க வந்தபோது கற்றுக்கொண்ட வித்தை, இன்றுவரை கைவிட்டதில்லை. உன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் பீஸ் எங்கே என்று கேட்டபோதும் அப்படித்தான் நழுவினேன், நீ பக்கத்தில் நின்றாய். இந்த முறை யாரைத் தள்ளிவிட்டு நழுவுகிறேன் என்று நான் பார்க்கவில்லை.

நெக்கெசா உன் எழுத்தைப் படித்தாள். குரல் நடுங்காமல் படித்தாள், அவளை நீ பாராட்ட வேண்டும். வெளிச்சம் போகும்வரை உள்ளே படித்துவிட்டு ஜன்னல் வழியாக மைதானத்தில் குதிப்போம் என்று எழுதியிருந்தாயே, நூலகத்து அம்மாள் புத்தகத்தை மட்டும் கதவு வழியாகக் கொண்டுபோ, நீ எந்த வழியாக வேண்டுமானாலும் போ என்று சொல்வாள் என்று, அதைக் கேட்டுச் சிலர் தலையாட்டினார்கள். கூடம் மெல்லத் திரும்பி வருவதுபோல இருந்தது. பிறகு நீ விழுந்து முட்டி கிழிந்த இடம் வந்தது, உன் வார்த்தையிலேயே சொல்கிறேன். அப்பா என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், வழியெல்லாம் என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே ஓடினார். அடுத்த வரி, அங்கே மைதானம் இருந்ததை நம்பாதவர்கள் என் அப்பாவைக் கேளுங்கள். நெக்கெசா அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினாள், விட்டுவிடுவாள் என்று நினைத்தேன், விடவில்லை, நீ எழுதியபடியே படித்தாள். கூடம் கொல்லென்று சிரித்தது. மெஷிமிவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் குனிந்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன், இன்னும் மைக் ஓடிக்கொண்டிருந்தது, எதைச் சுற்றினேன் என்று தெரியவில்லை.

அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று நெக்கெசா அழைத்தாள். யாரும் எழவில்லை. லோய்ஸ் அக்கா பாதி எழுந்தார், என்னைப் பார்த்தார், துணியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பெற்றவனே ஞாபகம் இல்லை என்ற இடத்தில் மண்டாசிக்காரி எழுந்து என்ன சொல்ல. அதோடு கூட்டம் கலைந்தது. சாமானை ஏற்றும்போது மெஷிமிவா வந்து முதுகில் தட்டி, "நீங்க நம்மாளு" என்றார். அம்மாவுக்கு எனக்கு முன்னாலேயே சேதி போயிருந்தது. தட்டை வைத்துவிட்டு எதிரே நின்று, "காலையில நீ தின்னது உகாலிக் களியும் நேத்து மிஞ்சின கீரையும். இப்ப ஞாபகம் வந்துச்சா?" என்றாள்.

திங்கட்கிழமை நெக்கெசாவைத் தேடி நூலகத்துக்குப் போனேன். சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மைதானம் இருந்தது அம்மா, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வேண்டுமானால் இப்போது சொல்கிறேன், பதிவு செய்துகொள் என்றேன். கோபப்படவில்லை, தேநீர் கொடுத்தாள். "நீங்க தனியா எங்கிட்ட சொல்றது எதுக்குப்பா? சிரிச்சவங்கெல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்களே" என்றாள். ஆனாலும் போனை எடுத்துப் பதிவு செய்துகொண்டாள். நான் பேசியது என் காதுக்கே பொய் போலக் கேட்டது. இரண்டு பேர் இருக்கிற கூடத்தில் எவ்வளவு உண்மையும் அப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது.

மெஷிமிவாவின் கூட்டத்துக்கு நாற்காலி கேட்டு ஆள் வந்தான். ஜோத்தாமே வெளியே போய், எல்லாம் வேறு இடத்துக்குப் பேசியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டான். நான் உள்ளே இருந்தேன். அதைக்கூட என் மகன்தான் சொன்னான் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நீ இதைப் படித்துவிட்டுக் கோபப்படு, அது நியாயம். அம்மாவோடு மட்டும் பேசு, என்னோடு பேசுவதற்கு அவசரம் இல்லை. எழுதுவதை நிறுத்திவிடாதே, அடுத்த முறை சாட்சிக்கு என்னைவிட நல்ல ஆளாகப் பார்த்து எழுது. இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. அந்த முதியோர் இல்லத்தில் நீ பார்த்துக்கொள்ளும் கிழவர்கள் யாராவது ஞாபகம் இல்லை என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே, இன்னொரு தடவை கேள். கடவுள் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், உன் கை தொட்டது துலங்கட்டும். தைலம் தீரப்போகிறது, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு.

அந்த மைக் என் வாயருகே வந்து நின்றபோது நான் சொல்லாமல் விட்டது நீளமான பேச்சு ஒன்றும் இல்லை, இவ்வளவுதான். இருந்தது, மெஷிமிவா. என் மகள் அங்கேதான் விழுந்தாள், நான்தான் தூக்கினேன்.

உன் அப்பா,
பர்னாபா அம்பேட்சா