பூதங்கண்ணனாரைக் கப்பலேற்றத் துணிந்தது குறித்து ஏனாதி வேண்மாடனாருக்கு

நலம் பெருகுக. மழை பருவம் பொய்யாது பொழிக. ஏரிகள் கரை தொட்டு நிற்க. நெறி தவறியோர் நெறிக்கு மீள்க.

நெடுவயல் நாட்டின் பன்னிரண்டு கூற்றங்களையும் ஒரு குடைக்கீழ்க் காத்து, மாடமருத மாநகரில் அரியணை வீற்றிருக்கும் கோப்பெருந்தேவி எழினிமங்கையார், தென்துறை மண்டலத்தின் அதிபரும், ஏனாதிப் பட்டம் பூண்டவரும், மூன்று தலைமுறையாக இவ்வரசின் உப்பை உண்ட குடியில் வந்தவருமான வேண்மாடனாருக்கு எழுதுவித்த ஓலை. உம் துறைக்குக் கலங்கள் சேதமின்றி வந்து சேர்க. உம் உப்பளங்கள் விளைக. உம் மனையில் உள்ளோர் நோயின்றி வாழ்க. மரபு கேட்கும் வாழ்த்துகள் இவ்வளவே. இதற்கு மேல் ஒன்றைச் சேர்க்க நம் மனம் ஒப்பவில்லை.

பாகற்குறிச்சியில் வாழும் பூதங்கண்ணனார் யார் என்பதை நீர் அறிவீர். ஆயினும் இவ்வோலை உம் அவையில் எல்லோரும் கேட்க வாசிக்கப்பட வேண்டியது ஆதலால், அறியாதவர் பொருட்டுச் சொல்கிறோம். அவர் நம் பாட்டனார் காலத்தில் இளந்தூதராகப் புறப்பட்டு, நம் தந்தையார் காலம் முழுவதும் தலைமைத் தூதராக இருந்தவர். நாற்பது ஆண்டுகள் அவர் கால் ஓரிடத்தில் தரித்ததில்லை. வடக்கே பனி உறைந்த மலை நாட்டில் ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு சமாதானம் பேசினார். கடல் கடந்த தீவுகளில் மொழி தெரியாத மன்னர்கள் முன்னே கை அசைவாலேயே நம் மானத்தைக் காத்தார். இருமுறை கலம் கவிழ்ந்து பிழைத்தார். ஒருமுறை எட்டு மாதம் சிறையிருந்தார். அவருடைய ஒரே மகளுக்குத் திருமணம் நடந்த நாளில் அவர் மணற்காட்டில் ஒட்டகத்தின் மேல் இருந்தார். திருமணம் நடந்த செய்தி அவருக்கு எட்டியபோது மகள் கருவுற்றிருந்தாள். இவற்றில் ஒன்றையும் அவர் நம்மிடம் குறையாகச் சொன்னதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் தந்தையார் அவருக்கு ஓய்வு அளித்தார். அவர் பாகற்குறிச்சிக்குத் திரும்பி, மனைவி காரிநங்கை அம்மையோடு தம் வீட்டில் குடியிருக்கத் தொடங்கினார். தொடங்கினார் என்றே எழுதுவித்தோம். அந்த வீட்டைக் கட்டி முப்பது ஆண்டுகள் ஆகியும், கிணற்று நீர் எந்த மாதத்தில் கீழே இறங்கும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கொல்லையில் தாம் நட்ட பலா, ஆனி மாதம் பழுக்கும்; முப்பது ஆனியிலும் ஊரில் இல்லாத அவர், முதல் ஆனியில் தம் கையாலேயே பழத்தை அறுத்து, பிசின் ஒட்டிய விரல்களை எண்ணெய் தேய்த்துத் துடைத்தபடி, சுளைகளை ஒவ்வொன்றாய் வாயிலிட்டாராம். உலகமெல்லாம் அவரோடு சுற்றிவந்த தேக்குப் பெட்டியைக் கொல்லையில் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் வாசல் அறுத்துக் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டார். அடுக்களையில் மனைவிக்கு எதிரே அமர்ந்து அரிசியில் கல் பொறுக்குவார். பொறுக்கியதைவிடப் பேசியதே அதிகம் என்பது அம்மையின் புகார்.

அரசின் வேலையால் அடக்கிவைத்திருந்த ஆசைகள் ஓய்வில் பெருகும் என்றும், அவர் மீண்டும் ஊர் சுற்றப் புறப்படுவார் என்றும் அவரை அறிந்தோர் எண்ணியிருந்தார்கள். அவரும் அப்படியே எண்ணியிருந்தார். முதல் ஆண்டில் அண்டை ஊர்த் திருவிழாவுக்கு வண்டி கட்டச் சொல்லி, மாட்டைப் பூட்டிய பின், "அவிழ்த்துவிடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாராம். அந்த நாளை வரவேயில்லை. அதற்காக அவர் வருந்தவும் இல்லை.

இப்படி இருந்தவரிடம்தான், வேண்மாடனாரே, கடந்த மாசியில் உம் ஓலை போயிற்று. நாகவளத் தீவின் மன்னன் நம்மோடு நட்புக் கொள்ள விரும்பியதும், புகழ்பெற்ற பூதங்கண்ணனாரையே தூதராக அனுப்புவதாக நீர் நம்மைக் கேளாமல் அவனுக்கு வாக்குக் கொடுத்ததும், உம் துறையிலிருந்து அவர் கலமேறினால் உம் பெயர் ஓங்கும் என்று நீர் கணக்குப் போட்டதும் இப்போது நமக்கு வெளியாகிவிட்டன. அவர் உமக்கு எழுதிய மறுமொழி நம் கையில் இருக்கிறது. பயணத்தின் மேல் தமக்குக் கோபம் இல்லை என்றும், ஒரு நாள் காலையில் எழுந்தபோது அந்த ஆசை தம்மிடம் இல்லை என்று கண்டதாகவும், அது எங்கே போயிற்று என்று தேடத் தோன்றவில்லை என்றும், இளையவர் ஒருவரை அனுப்பினால் தாம் அறிந்த அனைத்தையும் அவருக்குச் சொல்லித் தருவதாகவும் பணிவோடு எழுதியிருக்கிறார். அரசன் ஒருவன் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டிய ஓலை அது.

நீர் செய்தது என்ன? பாகற்குறிச்சித் தெருக்களில் பறையறைவித்து, பழைய தூதர், வீட்டுப் பூனையாய் ஆகிவிட்டார் என்று சொல்லச் செய்தீர். சந்தையில் அவரைக் கண்டவர்கள் பூனை போலக் கத்தினார்கள். அவர் சந்தைக்குப் போவதை நிறுத்தினார். அதையும் கோழைத்தனம் என்றீர். எட்டு மாதச் சிறையில் நாட்டின் மறைபொருள் ஒன்றையும் வாய்விடாத மனிதரைக் கோழை என்று சொல்ல உமக்கு நாக்கு எப்படிப் புரண்டது?

பிறகு பங்குனியில் உம் அதிகாரி பல்லக்கோடு போனான். அரசியின் ஆணை என்று ஓலை ஒன்றை வாசலில் நின்று வாசித்தான். பூதங்கண்ணனார் அதைக் கையில் வாங்கிப் பார்க்கக் கேட்டார். கேட்டதே போதும் என்று அவன் மறுத்தான். நாற்பது ஆண்டுகள் அரச ஓலைகளைச் சுமந்தவருக்கு அந்த மறுப்பிலேயே ஐயம் தோன்றியிருக்கும். ஆயினும் அரசியின் ஆணை என்ற சொல் காதில் விழுந்த பின் ஐயப்படுவது அவர் பழக்கத்தில் இல்லை. "சரி, கிளம்புறேன்" என்று மட்டும் சொன்னார். உம் அதிகாரி கொல்லைக்குப் போய், கோழிகளை விரட்டி, முட்டைகளை மிதித்து, அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து, வாசல் அறுத்த பக்கத்தில் பலகை அடித்து, அதிலேயே அவர் துணிகளைத் திணித்தான். பல்லக்கில் ஏறும்போது அவர் அழுதார் என்று அம்மை சொன்னார். மணற்காட்டுக்கும் பனிமலைக்கும் போனபோதெல்லாம் சிரித்த முகமாய்ப் போனவர் அவர்.

உம் துறையில் காற்று திரும்பவில்லை என்று, இருபத்தொரு நாள் அவரை மிளகு மூட்டைகளுக்கு நடுவே பண்டசாலையில் வைத்திருந்தீர். வாசலில் காவலும் போட்டீர். அங்கே அவர் என்ன செய்தார் என்பதைக் காவலனே நம் வீரர்களிடம் சொன்னான். காலையில் எழுந்து, இந்நேரம் கொல்லையில் வெயில் எந்தச் சுவரில் இருக்கும் என்று அவனிடம் சொல்வாராம்.

அந்த இருபத்தொரு நாளில் நடந்த மற்றொன்றை நீர் அறியமாட்டீர். காரிநங்கை அம்மை தம் அறுபத்தாறு வயதில் ஊர் எல்லையிலுள்ள ஆற்றைத் தாண்டியவர் அல்லர். மகள் வாக்கப்பட்டதும் அதே ஊரில்தான். அவர் பக்கத்து வீட்டு மாட்டுவண்டியை இரவல் வாங்கி, தலைநகருக்கு வழி கேட்டுக்கேட்டு வந்தார். நான்காம் நாள் அச்சு முறிந்தது. வண்டியை வழியில் விட்டுவிட்டு, மூன்று நாள் நடந்தார். நம் கோட்டை வாசலில் யாருடைய ஓலை கொண்டுவந்தாய் என்று கேட்டு இரண்டு நாள் நிறுத்திவைத்தார்கள். அதற்காக வாயில்காப்போர் தண்டிக்கப்பட்டார்கள். புழுதி படிந்த சேலையோடு நம் முன் வந்து நின்று அவர் சொன்னதை, சொன்ன நடையிலேயே எழுது, ஓர் எழுத்தும் திருத்தாதே என்று ஓலைநாயகத்துக்குச் சொன்னோம். உமக்கும் அப்படியே தருகிறோம்.

"நாப்பது வருசம் அவுகளை நீங்க வச்சிருந்தீக, தாயே. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? மக கல்யாணத்துக்கு வரலை, கேக்கலை. கப்பல் கவுந்துபோச்சுன்னாக, தாலியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வருசம் உக்காந்திருந்தேன், அப்பவும் கேக்கலை. இந்த மூணு வருசமாத்தான் எனக்கு ஒரு புருசன் இருக்காக. இம்புட்டு நாள் கழிச்சுக் குடுத்துட்டு, அதுக்குள்ள திருப்பிக் கேட்டா எப்படி? நீங்க ஆணை போட்டது நெசமா?"

நாம் ஆணையிடவில்லை என்றோம். அவர் நம்மையே நேராகப் பார்த்தார். "அப்ப யாரு போட்டது?" என்றார்.

தூதர் வேலையின் மேல் அவருக்கு வெறுப்பு வந்துவிட்டதா என்று கேட்டோம்.

"வெறுப்பெல்லாம் இல்லை. சாப்பிட உக்காந்தா அந்த ஊரு, இந்த ஊருன்னு கதை கதையாச் சொல்லுவாக. சொல்லி முடிச்சுட்டு, நல்லவேளை இங்க இருக்கேன்னு சோத்தைப் பிசைவாக. அம்புட்டுத்தான்."

ஆணை போட்டது யார் என்று அம்மை கேட்ட கேள்விக்கு விடை தேடியபோது, அதில் நம் பங்கும் உண்டு என்பதைக் கண்டோம். மறைக்காமல் எழுதுவிக்கிறோம். முடிசூடிய ஆண்டில் அவரை நம் அவைக்கு அழைத்தோம். வர இயலாது என்று எழுதினார். இளமையின் சினத்தில், அவர் வீட்டுக்குள் வேர்விட்டுவிட்டார் போலும் என்று அவையில் சொன்னோம். பலர் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவர் நீர். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நம் திருவுள்ளம் இன்னதென்று நீர் முடிவு செய்து, நம் பெயரால் ஓலை வாசிப்பித்தீர். அரசர் வாய் தவறினால் தடுப்பவர் அதிகாரி. தவறியதைப் பொறுக்கியெடுத்து ஆணையாக்குபவரை என்னவென்று அழைப்பது? நம் சொல்லுக்கு நாம் வெட்கினோம். உம் செயலுக்கு நீர் வெட்கினதாகச் செய்தி இல்லை.

நம் குதிரைவீரர்கள் உம் துறையை அடைந்தபோது காற்று திரும்பியிருந்தது. பாய் விரிந்திருந்தது. அவரைப் படகில் ஏற்றிப் பாதித் தூரம் கொண்டுபோயிருந்தார்கள். படைத்தலைவன் கரையிலிருந்து கொம்பூதிப் படகைத் திருப்பினான். அரசியின் ஆணை ஒன்றும் இல்லை என்று அவன் சொல்லக் கேட்டு, பூதங்கண்ணனார் ஈரமணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆணைன்னு சொன்னதாலதான் ஏறினேன். இல்லைன்னு தெரிஞ்சிருந்தா இவங்க என்னைத் தூக்கித்தான் போட்டிருக்கணும்" என்றார். பின்பு, "அரசியாருக்கு யார் போய்ச் சொன்னது?" என்று கேட்டார்.

அவர் மனைவியாரே தலைநகருக்கு வந்து சொன்னார் என்றான் படைத்தலைவன்.

"காரியா? அவ ஆத்தைத் தாண்டினதே இல்லையே" என்றார். அதையே மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது முகம் சிரித்தது, கண்ணீர் தாடியில் இறங்கியது என்று படைத்தலைவன் எழுதியிருக்கிறான். அந்த வீரன் அதிகம் எழுதுபவன் அல்லன்.

இனி நம் ஆணையைக் கேளும்.

நாகவளத் தீவுக்கு வாக்குக் கொடுத்தவர் நீர். ஆகவே தூதும் நீரே போவீர். நம் அவைக்குப் பல்லக்கில் வந்தது தவிர, உம் மாளிகையிலிருந்து உம் துறையின் நுளைமுனைக் கலங்கரை விளக்கம் வரையிலான வழியைக்கூட உம் கால்கள் கடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன என்று அறிந்தோம். வீட்டில் இருப்பதை நாம் குற்றம் என்று சொல்லவில்லை. வீட்டில் இருந்துகொண்டே, வீட்டில் இருக்க விரும்பிய மற்றொருவரைக் கோழை என்றதே குற்றம். அந்தக் கலம் பாய் விரித்தபடியே உமக்காகக் காத்திருக்கிறது. இவ்வோலை கண்ட ஐந்தாம் நாள் ஏறுவீர். நீர் திரும்பும்வரை தென்துறை நம் நேர் ஆட்சியில் இருக்கும். பாகற்குறிச்சியில் பறையறைந்தவன் அதே தெருக்களில், அதே நேரத்தில் நின்று, தன்னை அனுப்பியவர் பெயரைச் சொல்லிப் பிழை ஒப்புக்கொள்ளக் கடவன். பெட்டியைப் பெயர்த்த அதிகாரி, அரசுடை களைந்து, கூலியாளாகப் போய், கோழிகளுக்குக் கூடு ஒன்றைத் தன் கையால் கட்டிக்கொடுத்து வரக் கடவன். காரிநங்கை அம்மை போதும் என்று சொல்லும்வரை கட்டக் கடவன்.

அம்மைக்கு என்ன வேண்டும் என்று நாம் கேட்டோம். ஊரும் விருதும் பட்டும் சொல்லிப் பார்த்தோம். மாடமருதத்தை இன்னும் சில நாள் இருந்து காணலாமே என்றும் சொன்னோம்.

"ஊரு பெருசாத்தான் இருக்கு. பாத்தாச்சு" என்றார். "பசு என்னைத் தவிர யாருக்கும் பால் இறக்காது. நான் போகணும். ஒண்ணே ஒண்ணு, தாயே. இனி எங்க வீட்டுக்கு ஓலை அனுப்பாதீக. நல்ல ஓலையா இருந்தாலும் வேண்டாம். ஓலைக்காரன் வாசல்ல நின்னாலே அவுக எந்திரிச்சு நின்னுடுறாக."

அவ்வாறே வாக்களித்தோம். நம் முத்திரை தாங்கிய எவரும், நம் காலத்திலும் நமக்குப் பின் வருவோர் காலத்திலும், அவ்விருவர் வாழும் நாள்வரை அந்த வீட்டு வாசலை மிதியாதிருக்கக் கடவர். மிதித்தவர் அரச துரோகம் செய்தவராவர்.

இது கோப்பெருந்தேவி எழினிமங்கையார் திருவாய் மலர்ந்த ஆணை. ஆட்சியாண்டு மூன்று, சித்திரைத் திங்கள் பதினான்காம் நாள், மாடமருத மாநகர் அரண்மனையில் இருந்து. கேட்டு எழுதியவன் ஓலைநாயகம் மாறன் குமிழன். அரக்கில் நெற்கதிர் முத்திரை வைத்தவர் அரசியார்.

இவ்வோலைக்குப் படிகள் மூன்று. ஒன்று அரண்மனைப் பண்டாரத்துக்கு. ஒன்று தென்துறை அவைக்கு. ஒன்று நாகவளத் தீவு செல்லும் கலத்துக்கு. ஆணையால் நன்மை பெறுவோருக்கும் ஒரு படி அனுப்புவது வழக்கம். பாகற்குறிச்சிக்கு அனுப்பவில்லை.