என் மீசையும் சித்திரைக் கிரகணமும்

2-5-2023, செவ்வாய்

வெயில். மலைமேலேயே இப்படி என்றால் கீழே கள்ளக்குறிச்சியில் தார் உருகியிருக்கும். பந்தலுக்கு மூங்கில் வெட்டியாயிற்று. பத்து ஆள் வேலை, நான் ஒருவனே. (கூடமாட நாலு பேர்.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா மகள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். அத்தான் போன பிறகு அந்த வீட்டுக்கு முன்னே நிற்பது தாய்மாமன் நான்தான்.

மத்தியானம் திருக்கோவிலூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா போன்.

"வெள்ளிக்கெழம ராத்திரி சந்திர கிரகணமாமே? நாங்க கிரகணத்துல பச்சத்தண்ணி கூட தொடமாட்டோம். தள்ளிப் போட்டுக்கலாங்களா?"

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தள்ளிப் போட்டது கூடுமாடா? ஊர்ல இன்னான்னு பேசுவாங்க?"

"நெலா நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். நான் பேசிக்கிறேன்" என்றேன்.

3-5, புதன்

கவிதா பி.எஸ்சி. இயற்பியல். எனக்கு ஏழாவதே போதும் என்று வாத்தியாரே விட்டுவிட்டார்.

"மாமா, இது புறநிழல் கிரகணம். நெலாவ கடிக்காது. லேசா மங்கும், அவ்ளோதான்."

அவள் சொன்னது, என் பாணியில்: டிராக்டருக்கு இரண்டு விளக்கு. எதிரே மாடு நிற்கிறது. இரண்டு வெளிச்சமும் மறைந்த இடம் கருநிழல். ஒரு வெளிச்சம் மட்டும் மறைந்த இடம் புறநிழல், அரைகுறை இருட்டு. டிராக்டர் சூரியன், மாடு பூமி. சூரியன் ரொம்பப் பெரிது, அதனால் பூமிக்கும் இந்த இரண்டு நிழல். நிலா இந்தத் தடவை கருநிழலுக்குள் இறங்காமல் வரப்போரமாகவே போய்விடுகிறது. டிராக்டர் என் கண்டுபிடிப்பு. கவிதாவே அசந்துவிட்டாள்.

சம்பந்திக்குப் போன். டிராக்டர், மாடு எல்லாம் சொன்னேன்.

"நீங்க இன்னா படிச்சிருக்கீங்க?"

"வானத்தப் பத்தி கொஞ்சம்." அடக்கமாகத்தான் சொன்னேன்.

நம்பவில்லை. "நெலாவுல நகக்கண் அளவு கறுப்பு வுழுந்தாலும் மீசைய எடுத்துடறேங்க!" என்றேன்.

"சரி, வரோம். ஆனா நெலாவப் பாத்துட்டுத்தான் தட்டு மாத்துவோம். கொறஞ்சிருந்தா, வந்த வேன்லயே திரும்பிடுவோம்."

4-5, வியாழன்

கள்ளக்குறிச்சி போய் வந்தேன். வாங்கியது: வெற்றிலை, பாக்கு, வெல்லம், பூ. மறந்தது: தேங்காய்.

பஸ்ஸில் சும்மா ஒருவரிடம் சொன்னேன். இறங்குமுன் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. "மீசைக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கினியா சித்தப்பா?" என்கிறான் டிரைவர்.

அக்கா சாப்பிடவில்லை.

5-5, வெள்ளி. சித்ரா பௌர்ணமி

ஆயிரம் பேர் கூட்டம் (கோழிகளைச் சேர்த்து). கிரகணம் ஆரம்பித்த நேரத்துக்கு எல்லோர் கழுத்தும் மேலே. நிலா முழுசு. பித்தளைத் தாம்பாளம் மாதிரி. நான் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு பக்கம் கறுத்தது.

"தோ, கடிச்சிடுச்சி! கெளம்புங்கப்பா!" சம்பந்தி எழுந்துவிட்டார். பெண்கள் செருப்பு தேடினார்கள். அக்கா தட்டோடு வாசலை மறித்து நின்றாள். நான் மீசையைக் கையால் பொத்திக்கொண்டேன். கொசு.

ஜன்னலிலிருந்து கவிதா குரல்: "மாமா, பக்கத்து நட்சத்திரத்தயும் காணோம், பாரு!"

அதையே நான் மலை அதிரச் சொன்னேன். "கிரகணம் நெலாவத்தான மறைக்கும்? நட்சத்திரத்த ஏங்க மறைக்குது? அது மேகங்க!"

சம்பந்தி ஒரு செருப்போடு நின்றார். நான் வானத்தைப் பார்த்து ஒரு ஊது ஊதினேன். மேகம் விலகியது. (காற்றும் அடித்தது.) நிலா முழுசு!

தட்டு மாற்றியாயிற்று. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். சம்பந்தி சாமைப் பாயசம் மூன்று டம்ளர்.

கடைசிப் பந்தியில் அவர் மறுபடி அண்ணாந்தார். "மேலோரம் லேசா பொகஞ்சாப்ல இல்ல?"

இருந்தது. வெள்ளை வேட்டியில் அடுப்புப் புகை பட்டாற்போல. அழகு. கவிதாவும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாயசத்து ஆவிங்க. இன்னொரு டம்ளர் வைக்கட்டா?"

"வைங்க."

6-5, சனி

மழை வாசனை. பந்தல் பிரிக்கிறார்கள், நான் மேற்பார்வை.

சம்பந்தி போன். குரலில் என்ன மரியாதை! "ஆவணியில கல்யாணத்த வச்சிக்கலாம். அன்னிக்கு வானத்துல இன்னா கீதுன்னு நீங்கதான் பாத்து சொல்லணும்."

"பாத்தாச்சிங்க. ஒண்ணுமில்ல. தைரியமா தேதி குறிங்க" என்று சொல்லிவிட்டேன்.

கவிதா எங்கே போய்த் தொலைந்தாள்?