எனக்கு வந்த படர்தாமரையும் முகேஷும்

புதுவயல்,
வியாழக்கிழமை.

அன்புள்ள சத்தியப்பிரியாவுக்கு,

உன் கணவன் சேவுகப்பெருமாள் எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். கானாடுகாத்தான் செம்மலை அண்ணன் லீவு முடிந்து சனிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவரிடம் உனக்கு மோர்மிளகாயும் கூழ்வடகமும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையில்தான் இந்தக் கடிதமும் வரும்.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் என்றால் நீ அந்த மஸ்கட் ஆஸ்பத்திரி நர்ஸாகவே கேள்வி கேட்பாய். நான் பாதியிலேயே பொய்க்குத் தாவிவிடுவேன். மூன்று வாரமாக வீடியோவில் முகத்தைக் காட்டாமல் மில் கூரையைக் காட்டினேனே, முன்பக்கக் கேமரா ரிப்பேர் என்றேனே, அதுவும் பொய்தான்.

இடுப்பில் வந்த படர்தாமரைக்குக் காரைக்குடியில் தோல் டாக்டரைப் பார்த்தது உனக்குத் தெரியும். அவர் கொடுத்த சீட்டை உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு நீ என்னிடம்தான் பேசியிருக்க வேண்டும். ஆனால் நீ மெடிக்கலில் வேலை பார்க்கும் முகேஷுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாய். மருந்து வாங்கப் போனபோது அவன் அதை என் முன்னாலேயே போட்டுக் காட்டினான். "அவுகளுக்குச் சொன்னா சரி சரிம்பாக முகேசு, செய்ய மாட்டாக. நீயே பாத்துச் சொல்லிரு" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்திருந்தாய். அப்படி ஒரு சிரிப்பை எனக்கு அனுப்பி எத்தனை மாதமாகிறது?

உன்னோடு பத்தாவது வரை படித்தவன்தான், நல்ல பையன்தான், எல்லாம் சரி. நான் நெல் அவிக்கும் தொட்டியடியில் ஆவியிலும் உமித் தூசியிலும் வெந்துபோய் வந்து நிற்கிறேன். அவன் கசங்காத சட்டையோடு ஏசியில் நின்றுகொண்டு, மருந்துக் கவரில் அச்சடித்த மாதிரி எழுதுகிறான். மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒன்று, ஒரு மாதம் விடாமல். களிம்பு குளித்து ஈரம் துடைத்த பிறகு, தடிப்பைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு. தடிப்பு மறைந்தாலும் இரண்டு வாரம் போட வேண்டும். துண்டு தனியாக வைக்க வேண்டும். ஒன்றும் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிந்தது.

எட்டாம் நாள் அரிப்பு நின்றது. இவன் எழுதிக் கொடுத்துத்தான் எனக்குக் குணமாக வேண்டுமா என்ற வீம்பில் இரண்டையும் நிறுத்திவிட்டேன். மூன்று நாள் கழித்து வழியில் பார்த்து, "அண்ணே, மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீகளா? சத்யா கேட்டுச்சு" என்றான். சத்யாவாம். கட்டின நான்கூட உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்குப் போனதும் விட்ட மூன்று நாளுக்கும் சேர்த்து மூன்று மாத்திரையை ஒரே வாயில் போட்டு, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அதோடு மாத்திரையையும் தூக்கிப் போட்டாயிற்று.

பிறகு அரிப்பு பழையபடி கிளம்பியது. மெடிக்கல் பக்கம் போக மனசில்லை. எங்கள் மில்லில் தொட்டிச் சுவரின் மாடக்குழியில் ஒரு களிம்பு எப்போதும் கிடக்கும். லோடுமேன்கள் எல்லோருக்கும் அது பொது. தீர்ந்தால் யாராவது வாங்கி வைப்பார்கள். "ரெண்டே நாள்ல அமுங்கிரும்ணே, டாக்டரெல்லாம் எதுக்கு" என்று கூட வேலை பார்க்கும் ஐயனார் எடுத்துக் கொடுத்தான். சொன்னபடியே இரண்டு நாளில் அமுங்கியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முகேஷ் இல்லாமலே குணமாகிவிட்டேன் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ளக் காத்திருந்தேன். ஒரு வாரத்தில் வயிறு, கழுத்து, தாடை என்று ஏறி வந்துவிட்டது.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. மானகிரியில் உங்கள் அம்மாவிடம் இருக்கும் நம் நாச்சியார் சனி, ஞாயிறு என்னிடம் வருவாள் அல்லவா? என் துண்டில்தான் முகம் துடைத்திருக்கிறாள். கன்னத்தில் காலணா அகலத்துக்கு வட்டமாக வந்தது. நான் அந்த மில் களிம்பையே எடுத்து அவள் கன்னத்தில் தடவினேன். ஒரு நாள் இல்லை, இரண்டு சனி, ஞாயிறும் தடவினேன். ஏழு வயதுப் பிள்ளை, "அப்பா, எரியுது" என்றாள். சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் தடவினேன்.

அதைப் பார்த்துக் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறாய்? அவன்தான். பஸ் ஸ்டாண்டில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான், என் தாடையைப் பார்த்தான், என்ன களிம்பு என்று கேட்டான். அப்படியே இருவரையும் வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோய்விட்டான். அந்தக் களிம்பு அரிப்பையும் சிவப்பையும் மட்டும்தான் அமுக்குமாம். அடியில் படர்தாமரை தாராளமாகப் பரவுமாம். குழந்தை முகத்தில் தொடர்ந்து போட்டால் தோலே மெலிந்துவிடும் என்று டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். நல்லவேளை, சீக்கிரம் வந்துவிட்டோமாம். பாப்பாவுக்குத் தனிக் களிம்பு கொடுத்திருக்கிறார், வட்டம் சுருங்கி வருகிறது. எனக்குத்தான் இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். துணிமணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் போடுகிறேன். மாடக்குழிக் களிம்பைக் குப்பையில் போட்டதற்கு மில்லில் ஒருவரும் என்னோடு பேசுவதில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று முகேஷிடம் கெஞ்சினேன். "நான் சொல்ல மாட்டேண்ணே, நீங்களே சொல்லிருங்க" என்றான். அதிலும் அவன் யோக்கியன். கோபித்துக்கொள்ளக்கூட ஒரு வழி வைக்க மாட்டேன் என்கிறான். அவனுக்கு நன்றி சொன்னேன். வயிற்றெரிச்சல் மட்டும் போகவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

படித்ததும் அழுவாய், பிறகு போனை எடுப்பாய். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று என்னைக் கேள். என் மீது நம்பிக்கை இல்லாவிட்டாலும் என்னைத்தான் கேள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் போனை வைக்க மாட்டேன். முகத்தையும் காட்டுகிறேன், பார்க்கச் சகிக்காது. முகேஷுக்கு மட்டும் முதலில் போன் போட்டுவிடாதே, சத்தியப்பிரியா. உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
சேவுகப்பெருமாள்