எந்தக் கை என்று கேட்டார்கள்

மார்ச் 2

கத்திக்காரிக்கு,

நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். இதயத்தில் மூன்று அடைப்பாம். பத்தாம் தேதி பைபாஸ். அதற்குக் கையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுப்பார்களாம். ஆபரேஷன் தியேட்டரில் தினமும் நீ செய்கிற அதே வேலை. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, விட்டு, உள்ளங்கை சிவக்கிறதா என்று பார்த்தாள். "எந்தக் கையால எழுதுவீங்க?" என்றாள். வலது என்றேன். அப்படியானால் இடது கையிலிருந்து எடுப்பார்களாம்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று உறவினர் போட வேண்டிய கையெழுத்தைப் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் போட்டார். பெண்டாட்டி என்று நீ இருந்தும், ஏழு வருடமாக நீ அங்கே, நான் இங்கே. வேறு யாரைக் கேட்பது?

உன் கத்தரிக்காரன்

மார்ச் 7

கத்தரிக்காரருக்கு,

புத்தி எங்கே போயிற்று? எழுதுவதுதான் வலது கை, அதுவும் பள்ளியில் அடித்துப் பழக்கியது. முடி வெட்டுவது இடது கை அல்லவா! அந்தக் குழாயை ஒட்டியே ஒரு நரம்பு ஓடுகிறது. நீளமாகக் கீறி எடுத்தாலும், கேமரா விட்டுச் சின்னத் துளை வழியாக எடுத்தாலும், அதைச் சீண்டிவிட்டால் கட்டைவிரல் மரத்துப்போகும். உடனே சொல்லுங்கள், காலிலிருந்து எடுக்கட்டும்.

எந்த ஆஸ்பத்திரி என்றுகூட எழுதவில்லை. போனையும் எடுக்கவில்லை. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான்தான்

ஏப்ரல் 12

கத்திக்காரிக்கு,

உன் கடிதம் கடைக் கதவிடுக்கில் கிடந்தது. வீடு திரும்பிய பிறகுதான் பிரித்தேன். நெஞ்சு நன்றாக இருக்கிறது. கத்தரி வளையத்துக்குள் கட்டைவிரல் இருப்பதுதான் தெரியவில்லை. நேற்று கத்தரி நழுவியதே, தரையில் விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது. நாற்காலியில் இருந்தவர் பாதித் தலையோடு எழுந்து போய்விட்டார். கடையைப் பூட்டிவிட்டேன்.

உன்மேல் கோபமில்லை. நான் இடது கைக்காரன் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். பரிதாபப்பட்டு வந்து நிற்காதே.

கத்தரிக்காரன்

ஏப்ரல் 17

கத்தரிக்காரருக்கு,

நானும் இத்தனை வருடமாக எல்லோரிடமும் "எந்தக் கையால எழுதுவீங்க?" என்றுதான் கேட்டு வந்தேன். உங்களோடு குடும்பம் நடத்தியும் உறைக்கவில்லை. இப்போது "என்ன வேலை செய்றீங்க, எந்தக் கையால?" என்று கேட்கிறேன்.

மரத்த விரலுக்கு சில மாதம் கழித்து உணர்வு வரலாம். வராமலும் போகலாம். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து வந்தபின் என் தலையில் யாரையும் கத்தரி வைக்க விடவில்லை. முடி இடுப்பைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து வையுங்கள். வலது கை பழக ஒரு தலை வேண்டுமே. கோணலாக வெட்டினாலும் வாய் திறக்க மாட்டேன்.

திறப்பேன். திட்டுவேன். ஆனால் பாதியில் எழுந்து போக மாட்டேன்.

உங்கள் கத்திக்காரி