மேற்கூரைக்குக் கீழே

அன்புள்ள அண்ணா,

மூச்சிரைப்பு கொஞ்சமாவது குறைந்ததா? பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

நீ வேலை பார்த்த ராணுவ அலுவலகத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஆராய என்னைத்தான் அனுப்பினார்கள். ஜன்னலோரம் உன் மேஜை அப்படியே கிடக்கிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை உதிர்ந்து, மேஜையெல்லாம் மாவு போல, நுரையீரலை அரிக்கும் அந்தத் தூசி.

"இடிக்கும்போது தண்ணி தெளிச்சிடுவோம், தூசி வெளியே போகாது" என்றார் அங்கிருந்த மேஜர்.

"இத்தனை வருஷம் இதுக்குக் கீழே உட்கார்ந்தவங்க?"

"அது உங்க ஆய்வுல வராதும்மா. இடிச்சா என்ன ஆகும்னு மட்டும் எழுதுங்க."

அவர் பேச்சைக் கேட்காமல், கீழே உட்கார்ந்தவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன். மேலிடத்தில் அந்த வரியை அடித்துவிட்டார்கள். 'குறிப்பிடத்தக்க பாதிப்பில்லை' என்றுதான் அறிக்கை போயிருக்கிறது. நஷ்டஈடு கேட்டு நீ போட்ட வழக்குக்கு அது உதவாது.

வீட்டுக்கு வந்து, தூசி படிந்த துணியை உதறப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. உன் சட்டைகளையெல்லாம் உதறித் துவைத்தது அண்ணிதானே.

அண்ணியையும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல். ஏனென்று கேட்டால், சும்மாதான் என்று சொல்லிவிடு.

உன் தங்கை